ஒற்றைச் சக்கரம் கற்ற பாடம்



சரித்திரம் என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவன முடிமன்னர்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளுமே. தேர்வுத்தாளிலும் பெரும்பாலும் அவைபற்றியே வினாக்கள் வருகின்றன. ஆயினும் கோலுக்கும் கலப்பைக்கும் சரித்திரம் உண்டு. நாம் அன்றாடம் ஏறிச் செல்லும் சைக்கிளுக்கும் உண்டு. அச்சைக்கிளிலும் பாதியைக் களைந்தெறிந்துவிட்டாற்போலத் தோன்றும் ஒற்றைச் சக்கர சைக்கிளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இதனைத் தேர்ந்தெடுத்ததற்கு என் சொந்த வாழ்வில் ஒரு காரணம் இருக்கிறது. முதலில் அதனைக் கூறிவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவரின் மகன் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படித்து வந்தான். குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று பழையதாகிக் கடையில் கிடந்தது. அவன் அதன் முன்சக்கரத்தைப் பெடலோடும் போர்க்கோடும் கழற்றி, மேலே ஒரு குழாயைப் பற்றவைத்து, அக்குழாயின் தலையில் ஒரு சீட்டைப் பொருத்தி, ஒற்றைச் சக்கர வண்டி ஒன்றைச் செய்துவிட்டான். பள்ளித் தாழ்வாரத்தின் சிமெண்டுத் தரையில் சுவரைப் பிடித்தவாறு நாலைந்து நாள் பழகினான். பிறகு சுவரை விட்டான். பத்தடி, இருபதடி என்று தானாகவே ஓட்டினான். ஒரு மாலை, தாழ்வாரத்தை விட்டு இறங்கி விளையாட்டுத் திடலில் ஓட்டிப் பார்த்தான். சரளைக்கல் கிடந்த இடத்தில் சக்கரம் சட்டென்று நின்றது. பையன் முகங்குப்புற விழுந்தான். முழங்கை கிழிந்து இரத்தம் வழிய என் அறைக்கு அழைத்து வரப்பட்டான். நான் காயத்துக்கு மருந்திடச் செய்தேன். பிறகு, "சர்க்கஸில் சேரவா பள்ளிக்கு வந்தாய்? உருப்படியாக ஏதேனும் செய்" என்று கடிந்து அனுப்பினேன். மறுநாள் முதல் அவ்வண்டியைப் பள்ளியில் எவரும் காணவில்லை.

அன்று நான் செய்தது பிழை என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. தாழ்வாரத்தில் ஓடிய சக்கரம் சரளையில் ஏன் நின்றது? இக்கேள்வியை அவன் தன் முழங்கையால் கேட்டான்; நானோ கேள்வியைக் காதில் வாங்காமல் காயத்தை மட்டுமே கண்டேன். மிதித்தோட்டும் வண்டிகளின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே சுழன்று வந்திருக்கிறது என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். சமதரையில் ஓடிய ஒன்றை மேட்டிலும் பள்ளத்திலும் மணலிலும் மலையிலும் ஓட்டிப் பார்த்தவர்களே அவ்வண்டியை வளர்த்தார்கள்.

தொடக்கத்துக்குச் செல்வோம். ஜெர்மானிய நாட்டில் பாடன் என்னும் சிற்றரசில் காட்டிலாகா அதிகாரியாக இருந்தவர் கார்ல் திரைஸ் என்பவர். 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த தம்போரா எரிமலை பெருஞ்சீற்றத்துடன் வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் வானில் பரவியதனால், மறு ஆண்டான 1816-இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை என்று சொல்லும்படியாகக் குளிரும் மழையும் நீடித்தன. விளைச்சல் பொய்த்தது. தீவனம் கிடைக்காமல் குதிரைகள் மடிந்தன. குதிரையின்றிச் செல்லும் வண்டியொன்றைப் பற்றித் திரைஸ் சிந்திக்க இதுவும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும், 1817-இல் அவர் மரத்தாலான இருசக்கர வண்டி ஒன்றைச் செய்து முடித்தார். அதற்குப் பெடல் இல்லை. ஏறி அமர்ந்து, கால்களால் தரையை மாறி மாறி உந்திச் செல்ல வேண்டும்.

வண்டி முடிந்தவுடன் திரைஸ் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். 1817 ஜூன் 12-ஆம் நாள் மான்ஹைம் நகரத்திலிருந்து புறப்பட்டு, ஷ்வெட்சிங்கன் செல்லும் நல்ல சாலையில் பாதி வழியிலிருந்த விடுதி வரையில் சென்று திரும்பினார். போகவும் வரவுமாகச் சுமார் 13 கிலோமீட்டர் தூரம். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தார். அந்த வெற்றியோடு அவர் நின்றுவிடவில்லை. அதே கோடையில் கெர்ன்ஸ்பாக் என்னும் ஊரிலிருந்து பாடன் நகரத்துக்கு மலைப்பாதையில் அவ்வண்டியைச் செலுத்திப் பார்த்தார். சமதரைச் சோதனை ஒன்று, மலைச் சோதனை ஒன்று என்று இரண்டையும் முடித்த பின்னரே தம் வண்டியைப் பற்றித் துணிந்து பேசலானார். 1818 ஜனவரியில் அவருக்கு உரிமைப் பட்டயமும் கிடைத்தது.

ஆனால் தரையோ அவ்வண்டியை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அக்காலத்துச் சாலைகள் பாரவண்டிகளின் இரும்புப் பட்டைகளால் உழப்பட்டுத் தடம் விழுந்து கிடந்தன. அந்தத் தடங்களில் இரண்டு சக்கரத்தின்மேல் சமநிலை காத்துச் செல்வது இயலாதாயிற்று. ஆகவே வண்டியோட்டிகள் பாதசாரிகளின் நடைபாதையில் ஏறினார்கள். பாதசாரிகள் முறையிட்டனர், பல நகரங்களில் தடையுத்தரவு பிறந்தது. திரைஸின் வண்டி சில ஆண்டுகளில் வழக்கொழிந்ததற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். ஒரு வண்டியின் விதியை அதன் அமைப்பு மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அது ஓடும் தரைக்கும் அதில் பங்குண்டு என்னும் உண்மை முதல் அத்தியாயத்திலேயே விளங்கிவிட்டது.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 1860-களில் பாரிஸ் நகரத்தில் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடலைப் பொருத்தினார்கள். இரும்புப் பட்டை கட்டிய மரச் சக்கரங்களோடு அவ்வண்டி கல் பாவிய தெருக்களில் ஓடியபோது, ஏறியவரின் எலும்புகளெல்லாம் ஆட்டங் கண்டன. ஆங்கிலேயர் அதற்கு 'எலும்பு குலுக்கி' என்றே பெயரிட்டு அழைத்தனர். பெடல் அச்சிலேயே இருப்பதனால், கால் ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். அப்படியாயின் வேகம் பெறுவதற்கு வழி என்ன? சக்கரத்தைப் பெரிதாக்குவதே வழி. 1870-க்குப் பின் ஜேம்ஸ் ஸ்டார்லி முதலியோர் முன்சக்கரத்தை ஆளுயரத்துக்கு வளர்த்து, பின்சக்கரத்தைச் சாணளவாகச் சுருக்கிவிட்டார்கள். முன்சக்கரத்தின் விட்டம் 52 அங்குலமாயின், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி நாலு மீட்டருக்கு மேல் செல்லும்; நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இந்த உயர்ந்த வண்டியில் ஓட்டுபவர் ஏறக்குறைய முன்சக்கரத்தின் நேர்மேலே அமர்ந்திருந்தார். வழியில் ஒரு கல் தடுத்தால் போதும். சக்கரம் நிற்க, அவர் உடல் முன்னோக்கிச் சுழன்று தலைகுப்புற விழும். விழுவதற்கு முந்திய அந்தக் கண நேரத்தில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி, வண்டி ஒற்றைச் சக்கரத்தின்மேல் நிற்கும். துணிவும் திறமையும் உள்ள சிலர் அந்நிலையிலேயே சிறிது தூரம் ஓட்டப் பழகினார்கள் என்றும், பின்சக்கரம் எதற்கு என்ற எண்ணம் அதிலிருந்தே பிறந்தது என்றும் பொதுவாகச் சொல்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒற்றைச் சக்கர வண்டி வித்தைக்காரரின் மேடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் பள்ளி மாணவன் மூன்று சக்கர சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றினான் என்றேனே, அந்தச் சக்கரத்திலும் பெடல் அச்சிலேயே இருந்தது. நூறாண்டுக்கு முந்திய வண்டியின் உறுப்பு ஒரு குழந்தையின் விளையாட்டு வண்டியில் உயிரோடு இருந்தது. ஒற்றைச் சக்கரம் பிறந்த பாதையிலேயே அவனும் தன்னை அறியாமல் நடந்திருக்கிறான்.

இதற்கிடையில் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் உயர்ந்த வண்டியைப் பூமிப்பரப்பு முழுவதிலும் சோதிக்கத் துணிந்தார். 1884 ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். அந்நாட்டைக் குறுக்கே கடந்து கீழ்க்கரை சேர்ந்தபோது சுமார் 6,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே கடக்க வேண்டியதாயிற்று. பிறகு ஐரோப்பாவையும் துருக்கியையும் பாரசீகத்தையும் கடந்து, 1886-இல் நம் நாட்டுக்கும் வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரையில் பெருநெடுஞ்சாலை வழியே பயணம் செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானிய நாட்டின் யோகஹாமாவில் தம் பயணத்தை முடித்தார். நடந்த தூரத்தை அவர் மறைக்கவில்லை என்பது பாராட்டுக்குரியது. எந்தத் தரையில் வண்டி தோற்றது என்ற கணக்கும் சோதனையின் ஒரு பகுதியே அன்றோ?

தோல்விக் கணக்குகளே அடுத்த ஆக்கங்களுக்கு வழி திறந்தன. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் தாழ்ந்த வண்டியைச் செய்தார். நாம் இன்று ஓட்டும் சைக்கிளின் நேர்முன்னோர் அதுவே. 1888-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், கரடுமுரடான தரையில் தம் சிறு மகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டியின் குலுக்கலைக் கண்டு, காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தின்மேல் பொருத்திப் பார்த்தார். ராபர்ட் தாம்சன் என்பவர் இதே கருத்துக்கு 1845-லேயே உரிமைப் பட்டயம் பெற்றிருந்தார் என்பது பின்னர்த் தெரிய வந்தது. தாம்சனின் கருத்து நாற்பது ஆண்டுகள் உறங்கிக் கிடக்க, டன்லப்பின் டயரோ சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. டன்லப் காலத்தில் அந்த டயருக்காகக் காத்திருந்த சைக்கிள் இருந்தது. தாம்சன் காலத்தில் அஃது இல்லை.

இரண்டு சக்கர வண்டி இவ்வாறு தரையோடு போராடி வளர்ந்துகொண்டிருந்தபோது, ஒற்றைச் சக்கர வண்டி என்ன செய்துகொண்டிருந்தது? கூடாரத்துக்குள்ளும் நாடக மேடையிலும், வழுவழுப்பான பலகைத் தரையில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. நூறாண்டு காலம் அதற்கு அதுவே உலகம். தரை மாறாதவிடத்து மாற்றம் எங்கே நிகழும்? ஆகவே வித்தைக்காரர்கள் உயரத்தில் போட்டியிட்டார்கள். ஸ்டீவ் மக்பீக் என்னும் அமெரிக்கர் 1980-இல் ஏறத்தாழ 31 மீட்டர் உயரமுள்ள ஒற்றைச் சக்கர வண்டியைப் பாதுகாப்புக் கம்பியின் துணையுடன் ஓட்டிக் காட்டினார். வண்டி வானத்தை நோக்கி வளர்ந்தது. பூமியை நோக்கி வளரவில்லை.

இனி, இவ்வண்டி நிற்கும் விதத்தைச் சற்று ஆராய்வோம். நீங்கள் சிறு வயதில் துடைப்பக் கட்டையை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கட்டை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோனால்தான் அது விழாமல் நிற்கும். ஒற்றைச் சக்கர வண்டியும் அத்தகையதே. ஓட்டுபவர் கட்டை, சக்கரம் கை. உடல் முன்சாய்ந்தால் சக்கரத்தை முன்னே உருட்ட வேண்டும்; பின்சாய்ந்தால் பின்னே உருட்ட வேண்டும். ஆகவே அவர் அசையாமல் நிற்பதே இல்லை. நமக்கு நேராகச் செல்வதாகத் தோன்றும் அந்த ஓட்டம், விழத் தொடங்குவதும் அதனைத் திருத்துவதுமாக இடையறாது நடைபெறும் வேலையாகும்.

சமதரையில் இந்த வேலை எளிது. தரையில் ஒரு கல்லோ மர வேரோ குறுக்கிட்டால் சக்கரம் நிற்கிறது, உடலோ நிற்பதில்லை. எங்கள் பள்ளிப் பையனுக்கு நேர்ந்தது இதுவே. அவனது சக்கரம் மிகச் சிறியது. சிறிய சக்கரத்துக்குச் சிறு கல்லும் பெருந்தடை. சக்கரம் பெரிதாயின் அதே கல்லைச் சாய்வாக அணுகி எளிதில் ஏறிவிடும். மேலும், பெடல் இரண்டும் மேலும் கீழுமாகச் செங்குத்தாக நிற்கும் கணத்தில் காலின் விசை சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. தடை அந்தக் கணத்தில் வந்தால் வீழ்ச்சி உறுதி. பெடல்கள் கிடைநிலையில் இருக்கும்போது தடையை எதிர்கொண்டால் முழு விசையும் பயன்படும். மலைப்பாதையில் ஓட்டுவோர் பத்தடிக்கு முன்னரே வேரைக் கண்டு, தம் மிதிச்சுற்றைக் கணக்கிட்டு வருவது இதற்காகவே.

இத்தகைய கணக்கைப் போட்டு முதன்முதலில் ஒற்றைச் சக்கரத்தை மலைக்கு இட்டுச் சென்றவர்கள் 1980-களில் தோன்றினார்கள். அமெரிக்காவின் வடகோடி மாநிலமாகிய அலாஸ்காவில் சிவர்ட் என்பது ஒரு சிறிய கடற்கரை ஊர். அங்கு வாழ்ந்த ஜார்ஜ் பெக் என்பவர் தம் ஒற்றைச் சக்கர வண்டியைக் கடற்கரைக்கும் மலைத்தடத்துக்கும் கொண்டு சென்றார். தாம் கண்டறிந்த முறைகளைப் பிறரும் கற்றுக்கொள்ளும் பொருட்டு 1991-இல் ஒரு காணொளியாகவும் எடுத்து வெளியிட்டார். அதே காலத்தில் கனடா நாட்டின் மேற்குக் கரையில் கிரிஸ் ஹோம் என்ற சிறுவன், தெருவில் வித்தை காட்டிய ஒருவரைப் பார்த்து ஆசை கொண்டு, தன் பன்னிரண்டாம் வயதில் ஒற்றைச் சக்கர வண்டி பெற்று, அருகிலிருந்த காட்டுப் பாதைகளில் ஓட்டத் தொடங்கினான். இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வழியில் சென்றனர். அவர்கள் இருவருக்கும் தாழ்வாரம் போதவில்லை.

காட்டுக்குள் சென்றவுடன் வண்டி உடையத் தொடங்கியது. பாறையிலிருந்து குதித்து இறங்கும்போது ஓட்டுபவரின் முழுப் பாரமும் ஒரே அச்சின்மேல் விழுகிறது. பழைய அமைப்பில், கிராங்க் என்னும் மிதிகோலை அச்சின் சதுர முனையில் செருகி இறுக்கியிருந்தார்கள். மேடையில் பல ஆண்டு உழைத்த அந்த இணைப்பு, மலையில் விரைவில் தளர்ந்தது, வளைந்தது, முறிந்தது. முறிந்த இடமே திருத்த வேண்டிய இடத்தைச் சுட்டிக் காட்டிற்று. அச்சின் முனையைச் சுற்றிலும் பற்களை வெட்டி, அவற்றுக்கு இசைவான பள்ளங்களைக் கிராங்கின் துளையில் அமைத்தபோது, பாரம் பல பற்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது, இணைப்பு நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வமைப்பு ஒற்றைச் சக்கர வண்டிகளில் பரவியது. கிரிஸ் ஹோம் 1999-இல் தம் பெயராலேயே மலைக்கேற்ற வண்டிகளைச் செய்விக்கத் தொடங்கினார். நிலச்சரிவு போன்ற அபாயங்களை ஆராயும் நிலவியல் அறிஞராகவும் அவர் பணி செய்து வந்தார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அவருடைய தொழிலும் விளையாட்டும் ஒரே நூலைப் படித்தன, அந்நூல் தரையே.

ஒவ்வொரு தரையும் வண்டியிடம் வெவ்வேறு குணத்தைக் கேட்டது. ஏற்றத்தில் நீண்ட கிராங்க் வேண்டும். நெம்புகோல் நீளமாயின் காலுக்குச் சுமை குறையும். அதோடு, ஓட்டுபவர் சீட்டின் முன்புறத்தில் பொருத்திய பிடியைக் கையால் மேல்நோக்கி இழுப்பார்; அப்பொழுது கால்கள் பெடலை இன்னும் அழுத்தமாகக் கீழே தள்ள இயலும். இறக்கத்தில் நிலைமை தலைகீழ். சங்கிலியோ தனியோட்ட அமைப்போ இல்லாத காரணத்தால், சக்கரம் சுழலும் வரையில் பெடலும் சுழலும். ஆகவே மேலே எழும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்தியே வேகத்தை அடக்க வேண்டும். நீண்ட மலையிறக்கத்தில் தொடைகள் சோர்ந்துபோவதைக் கண்டு, பின்னர்ப் பிரேக்கையும் பொருத்தினார்கள். அந்தப் பிரேக்கைச் சடாரென்று பிடித்தால் உயர்ந்த வண்டிக்காரரைப் போலத் தலைகுப்புற விழ வேண்டியதுதான். விரல் நுனியால் மெல்ல மெல்லப் பிடித்தல் வேண்டும்.

மணலும் பனியும் வேறொரு பாடத்தைக் கற்பித்தன. ஒடுங்கிய டயர் மணலில் கத்திபோல் இறங்கிப் புதைகிறது. பாலைவனத்து ஒட்டகத்துக்கு அகன்ற பாதத்தை இயற்கை அளித்திருப்பது பாரத்தைப் பரப்பித் தாங்குவதற்காக அன்றோ? அவ்வாறே மூன்று அங்குல அகலமுள்ள டயரை மாட்டி, காற்றையும் குறைவாக அடைத்தார்கள். டயர் தட்டையாகித் தரையைத் தழுவிக்கொண்டது. சிறு கற்களை அது தன்னுள் அமுக்கி விழுங்கிக்கொண்டமையால் குலுக்கலும் தணிந்தது. டன்லப் தம் மகனுக்காகச் செய்த சோதனையின் பயன், நூறாண்டு கடந்து மலையுச்சிக்கு வந்து சேர்ந்தது.

நெடுஞ்சாலையோ இவற்றுக்கு நேர்மாறானதைக் கேட்டது. 24 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் செல்லும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தாலும் மணிக்கு ஏழு கிலோமீட்டரே ஆகும்; வேகமாக நடப்பவர் நம்மோடு பேசிக்கொண்டே உடன் வந்துவிடுவார். 36 அங்குலச் சக்கரமாயின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.9 மீட்டர், அதே மிதிப்பில் மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் செல்லலாம். வேகம் வேண்டிச் சக்கரத்தைப் பெரிதாக்கிய 1870-களின் பழைய தீர்வே மீண்டும் உயிர்பெற்றதைக் காண்கிறீர்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புளோரியான் ஷ்லும்ப் என்ற பொறியாளர், அச்சுக் குடத்துக்குள்ளேயே பற்சக்கரங்களை அமைத்து, ஒரு மிதிச்சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுழலும்படியும் செய்தார்.

இவ்வாறு தரைக்கேற்ற வண்டி அமைந்தபின் மனிதன் வீட்டிலேயே இருப்பானா? கனடாவைச் சேர்ந்த வாலி வாட்ஸ் என்பவர், மலை வண்டிகள் வருவதற்கு முன்னரே, 1976 முதல் 1978 வரையில் பல நாடுகளினூடே சுமார் 19,300 கிலோமீட்டர் தூரம் ஒற்றைச் சக்கரத்தில் சென்றார். கிரிஸ் ஹோமும் அவர் தோழரும் பூட்டான் நாட்டு மலைத்தடங்களில் ஓட்டிய பயணம் 2002-இல் திரைப்படமாக வந்தது. இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்தைச் சேர்ந்த எட் பிராட் என்னும் இளைஞர், தம் பத்தொன்பதாம் வயதில், 2015 மார்ச் மாதத்தில் வீட்டு வாசலிலிருந்து 36 அங்குலச் சக்கரத்தில் புறப்பட்டார். ஐரோப்பா, மத்திய ஆசியா, சீனம், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகியவற்றைக் கடந்து, 2018 ஜூலையில் அதே வாசலுக்குத் திரும்பினார். அவர் சென்ற தூரம் 33,000 கிலோமீட்டருக்கு மேல். தம் மூட்டைகளையும் அந்த ஒற்றைச் சக்கரத்தின்மீதே ஏற்றிச் சென்றார். ஒற்றைச் சக்கரத்தில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் என்று அவர் போற்றப் பெற்றார்.

மாணவர்களே, இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் உறுத்தலாக இருந்த செய்தி ஒன்றை இறுதிக்கென வைத்திருக்கிறேன். ஜப்பானிய நாட்டில் 1989-ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தைத் திருத்தியமைத்தபோது, உடற்பயிற்சிப் பகுதியில் ஒற்றைச் சக்கர வண்டி ஓட்டுதலையும் சேர்த்தார்கள். எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகள் பள்ளித் திடலில் கம்பியைப் பிடித்து நின்று, விழுந்தும் எழுந்தும் அதனைப் பழகினார்கள். சர்க்கஸில் சேர்ப்பதற்காக அக்குழந்தைகளை எவரும் பழக்கவில்லை. விழுவதற்கு அஞ்சாமல் இருக்கவும், தம் உடலின் நிலையைத் தாமே திருத்திக்கொள்ளவும் அவர்கள் கற்றனர். அங்கே ஆசிரியர்கள் கையைப் பிடித்துக் கற்பித்த ஒன்றை, இங்கே ஒரு மாணவன் தானாகவே கண்டுபிடித்துக் கொண்டுவந்து என் முன் நிறுத்தினான். நானோ அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அன்று நான் அவனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எத்தனை! சிமெண்டில் ஓடிய சக்கரம் சரளையில் நின்றது ஏன்? சக்கரத்தை இருமடங்கு பெரிதாக்கினால் என்ன ஆகும்? விழுந்த கணத்தில் உன் பெடல்கள் எந்நிலையில் இருந்தன? நாளை ஈர மணலிலும் காய்ந்த மணலிலும் ஓட்டிப் பார்த்து, எதில் எத்தனை அடி சென்றாய் என்று எழுதி வருகிறாயா? இவற்றைக் கேட்டிருந்தால் எங்கள் விளையாட்டுத் திடலே ஒரு பௌதிக ஆய்வுக்கூடம் ஆகியிருக்கும். நெம்புகோல், உராய்வு, புவியீர்ப்பு மையம் ஆகிய பாடங்களைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க நான் ஆண்டுதோறும் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவை அனைத்தும் அன்று ஒரு பையனின் முழங்கையில் எழுதியிருந்தன; நான்தான் படிக்கத் தவறினேன்.

ஆதலின் உங்களுக்கு நான் கூறுவது இது. நீங்கள் கற்றது எதுவாயினும், அஃது ஒரு மொழியாயினும் கணக்காயினும் கைத்தொழிலாயினும், முதலில் அதனைத் தாழ்வாரத்தில் பழகுங்கள். சுவரைப் பிடித்துக்கொள்வதில் வெட்கம் வேண்டா. ஆனால் தாழ்வாரத்தோடு நின்றுவிடாதீர்கள். திரைஸ் செய்ததுபோல் சாலையிலும் மலையிலும் கொண்டுபோய்ச் சோதித்துப் பாருங்கள். தோற்ற இடத்தை, ஸ்டீவன்ஸ் நடந்த தூரத்தைக் கணக்கில் எழுதியதுபோல், மறைக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். தலையைக் காக்கும் கவசத்தை அணிந்துகொண்டு, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு விழுங்கள். விழுவதே இல்லை என்று மட்டும் உறுதி பூணாதீர்கள்.

என் மாணவன் இப்பொழுது எங்கே இருக்கிறான் என்பதை நான் அறியேன். நடுவயதைக் கடந்திருப்பான். அவனுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுள் ஒருவன் என்றேனும் முழங்கையில் சரளைக் காயத்தோடு வீட்டுக்கு வந்தால், "உருப்படியாக ஏதேனும் செய்" என்று அவன் சொல்லமாட்டான் என நம்புகிறேன். காயத்தைக் கழுவிவிட்டு, "எந்த இடத்தில் நின்றது? வா, பார்க்கலாம்" என்று சொல்லி, அவனோடு திடலுக்குச் செல்வான். நான் அன்று எடுத்து வைத்திருக்க வேண்டிய அடியை அவன் எடுத்து வைப்பானாக.